மேற்கு வாசல்

பதிவாளர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோதே சாவியக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருட வேலையில் அந்த அறைக்குள் அவள் எத்தனையோ முறை போயிருக்கிறாள். ஒருமுறைகூட யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தின் ஒரே பெரிய அரங்கத்துக்கு அவள்தான் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டிருக்கும். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் அது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவாள்.

மேசைமேல் அவள் எழுதிய கடிதங்கள் இருந்தன. பதினொன்று. தேதி வாரியாக அடுக்கி, ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, கல்யாணப் பத்திரிகை மாதிரி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே விஷயம். மூன்று வருடத்துக்கு முன் அரங்கத்தில் புது டைல்ஸ் போட்டபோது தரை ஒரு விரல் அளவு உயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மேற்குப் பக்கத்து அவசர வாசலின் இரும்புக் கதவு தரையில் இடித்துக்கொண்டு ஒரு சாண் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. முதல் கடிதத்தில் பணிவுடன் தெரிவித்திருந்தாள். ஏழாவதில் மீண்டும் மீண்டும் பணிவுடன். பத்தாவதில் பணிவு காணாமல் போயிருந்தது. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இன்றைக்கு மட்டும் என்ன இத்தனை மரியாதை என்று அவள் யோசிப்பதற்குள் பதிவாளர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் அவள் கையெழுத்திட வேண்டிய படிவம் அது. அரங்கம் உகந்தது, உகந்ததல்ல என்று இரண்டு கட்டங்கள். கீழே குறிப்பு எழுத ஒரு வரி. மூன்று வருடமாக உகந்தது என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, கீழே ‘மேற்கு வாசல் திறக்காது’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். பட்டமளிப்பு விழா, அமைச்சர் வந்த விழா எல்லாம் அந்தக் குறிப்போடுதான் நடந்தன. அந்த டிக் சரியில்லை என்பது அவளுக்கும் தெரியும். மேலே இருப்பவர்கள் படித்துவிட்டு ஏதாவது செய்வார்கள் என்று நினைத்ததும் உண்மை, டிக் போட மறுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்ததும் உண்மை.

"நீங்க பொய் எதுவும் எழுத வேண்டாம்மா" என்றார் பதிவாளர். "நீங்க எழுதினதேதான். டிக்கை மட்டும் பக்கத்துக் கட்டத்துல போடுங்க."

நாளை மறுநாள் நான்கு மணிக்கு ஒரு பேச்சு. மாணவர்களின் விவாத மன்றம் அறிக்கைக்காரரை அழைத்திருந்தது. பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் அல்லாத ஊழியர்களில் பாதிப் பேர் தேவையில்லை என்று அறிக்கை எழுதியவர் அவர். அதன் முப்பத்துநான்காம் பக்கத்தில் ஒரு வரி வரும். ‘ஓர் அரங்கத்தின் கதவைத் திறந்து மூட நிரந்தர ஊழியர் ஒருவர் தேவையா?’ சாவியக்காவின் பிரதியில் அந்தப் பக்கம் படித்துப் படித்துத் தையல் விட்டுத் தனியாக வந்துவிட்டது. அவரை வளாகத்துக்குள் கால் வைக்க விடமாட்டோம் என்று ஊழியர் சங்கம் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பதிவாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் நாற்காலிகள் பறந்து ஒரு பையனுக்குக் கண் போயிருந்தது. தடுத்தால் பேச்சுரிமையின் கழுத்தை நெரித்தார் என்பார்கள், விட்டால் மண்டை உடையும். இரண்டுக்கும் நடுவில் அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கோப்பிலிருந்து அந்தக் கதவு கிடைத்திருக்கிறது. யார்மீதும் பழி இல்லை. கதவு திறக்காது, அதனால் பேச்சு நடக்காது, அவ்வளவுதான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

அரங்கத்துக்குப் போய், அந்தக் கதவின் எதிரே கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு கலைநிகழ்ச்சியில் விளக்கு ஒன்று வெடித்து, யாரோ தீ என்று கத்த, கூட்டம் மொத்தமும் முன்வாசலுக்குப் பாய்ந்தது. படியில் ஒரு பெண் விழுந்தாள். அவள்மேல் நான்கு பேர் விழுந்தார்கள். சாவியக்கா ஓடிப்போய் இந்தக் கதவை இழுத்துத் திறந்து, தொண்டை கிழியக் கூப்பிட்டு, பாதிக் கூட்டத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பெண் தோளெலும்பு உடைந்ததோடு பிழைத்தாள். மனிதர்கள் வெளியே போவதற்காக இருக்கும் கதவை, ஒரு மனிதர் உள்ளே வராமல் இருப்பதற்குச் சாக்காக்குகிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். பல்கலைக்கழகத்தின் பராமரிப்புப் பிரிவில்தான் அவனுக்கும் வேலை, சங்கச் செயலாளர் வேறு. குரலுக்காக ‘மைக்’ என்று பெயர். அவனுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. ஒரு கண்ணாடிகூட உடையாமல் காரியம் முடியப்போகிறது, தங்கச்சி கையெழுத்தாலேயே முடியப்போகிறது என்று அவனுக்கு வாயெல்லாம் பல். அவள் டீயை நீட்டிவிட்டு, அந்தக் கதவைச் சரிசெய்து தரச் சொன்னாள். அடியில் ஒரு விரல் அளவு அறுக்க வேண்டும், அரைநாள் வேலை. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"உன் வேலையைத் தூக்கணும்னு எழுதினவனுக்கு நீயே கதவைத் திறந்து விடுவியா?"

"அவர் எழுதினதை நான் முப்பது தடவை படிச்சிருக்கேன். நான் சொல்றதை அவர் ஒரு தடவை கேக்கணும். அதுக்கு அவர் வரணும்ல?"

கேட்கிற ஆளா அவர், மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டுக் காரேறிப் போய்விடுவார், நீ வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்றான். பிரிவில் ஒருவனும் அந்தக் கதவைத் தொடமாட்டான் என்றும் சொன்னான். டீயைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். அவள் அந்தப் பாதியைக் குடித்து முடித்தாள். வீம்பு என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

மறுநாள் காலை பராமரிப்புப் பிரிவில் அண்ணன் சொன்னபடியே எல்லோரும் அவளைப் பார்த்ததும் கோப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவள் வாதாடவில்லை. அங்கிருந்த ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். டைல்ஸ் போட்டவர்கள் அந்தக் கதவைக் கழற்றியபோது கூடவே நின்று பார்த்தவள் அவள். கீல் ஆணி மூன்று, கீழிருந்து தட்டினால் மேலே வரும். விவாத மன்றச் செயலாளரைக் கூப்பிட்டாள். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்கும் கண்ணாடிக்காரப் பெண். அவள் ஐந்து பேரோடு வந்து கதவைத் தாங்கிப் பிடித்தாள். மூன்றாவது ஆணி கழன்றதும் கதவு மொத்தப் பாரத்தையும் அவர்கள் கையில் போட்டது. தூக்கிப்போய் வெளிச்சுவரில் சாய்த்தார்கள். தரையில் கதவு கீறிய கால்வட்டம் தெரிந்தது. வெளிச்சம் மேடையின் படிவரை போய் விழுந்தது.

படிவத்தில் உகந்தது என்று டிக் போட்டு, கீழே எழுதினாள்: ‘மேற்கு வாசல்: கதவு இல்லை. வழி இருக்கிறது.’

பதிவாளர் அதை மூன்று முறை படித்தார். "கதவே இல்லாத அரங்கத்தை எப்படிம்மா உகந்ததுன்னு போடுவீங்க?"

"மூணு வருஷம் திறக்காத கதவோட போட்டேனே சார். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே."

அந்த வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே புகலாமே என்றார். நான் நிற்பேன் என்றாள். பிறகு, மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். முந்நூற்றுப் பத்து இருக்கைக்கு முந்நூற்றுப் பத்து பேர், நடைவழியில் ஒருவரும் நிற்கக் கூடாது. பைகள் வெளியே. மேற்கு வாசலிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு, அதற்கு அந்தப் பக்கம் சங்கத்துக்காரர்கள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கோஷம் போடலாம். கோடுவரை பாதை காலியாக இருக்க வேண்டும். எதிர்ப்பாளர்களை வளாகத்துக்கு வெளியே நிறுத்திவிடலாமே என்று பதிவாளர் இழுத்தார். கத்துகிறவர்களுக்கும் இடம் வேண்டும், அவர்களும் இங்கே வேலை பார்ப்பவர்கள்தான் என்றாள். ஏதாவது நடந்தால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதித் தரச் சொன்னார். அதையும் எழுதிக் கொடுத்தாள். இத்தனை வருடமாகவும் பொறுப்பு அவளுடையதாகத்தான் இருந்தது. எழுதிக் கேட்டது மட்டும் இன்றைக்குத்தான்.

அடுத்த நாள் நான்கு மணிக்கு அறிக்கைக்காரர் வந்தார். சாவியக்கா தன் மனதில் மீசை வைத்து, தொப்பை வைத்து ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தாள். வந்தவர் ஒடிசலாக, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். குரலும் மெலிசு. வெளியே கோஷம் எழுந்ததும் கண்ணாடிக்காரப் பெண் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினாள். இரண்டு சத்தத்துக்கும் நடுவில், கதவில்லாத வாசலில் சாவியக்கா நின்றாள். ஒரு காதில் அண்ணன், இன்னொரு காதில் அவர். இரண்டுமே அவளைப் பற்றித்தான். இரண்டிலும் அவள் பேசவில்லை.

அரைமணி நேரம் கழித்து அண்ணன் கோட்டைத் தாண்டினான். பின்னால் பத்துப் பேர். மூன்றடி தள்ளி வந்து நின்று, நகரு என்றான்.

"உள்ள வரணும்னா முன்வாசல் வழியா வா அண்ணா. பன்னெண்டு சீட்டு உங்களுக்குன்னு காலியா வச்சிருக்கேன். இது வெளிய போற வழி. இதை மறிக்க யாரையும் விடமாட்டேன்."

"அவன் பேசறது உனக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது. நீயும் கேளு."

அவன் ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுவாள் என்பது இருவருக்கும் தெரியும். சின்ன வயதில் எத்தனையோ முறை தள்ளியிருக்கிறான். இப்போது அவன் கை பாதி எழுந்து அப்படியே நின்றது. பின்னால் இருந்தவர்கள் கோஷத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் மெலிசான குரல் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. இயந்திரம் செய்யக்கூடிய வேலையை மனிதர்கள் செய்யும் இடங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் அறிக்கையைப் படித்ததில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அண்ணன் அவளைத் தாண்டி மேடையைப் பார்த்தான். பிறகு திரும்பிச் சுண்ணாம்புக் கோட்டை நோக்கி நடந்தான். அங்கேயே நின்றானா, முன்வாசல் பக்கம் போனானா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. உள்ளே கேள்வி நேரம் தொடங்கியிருந்தது.

அவள் கையைத் தூக்கினாள். இடுப்பிலிருந்து கழற்றிய சாவிக்கொத்து கையிலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து குலுங்கியது. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. பதிவாளர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணாடிக்காரப் பெண் ஏற்கெனவே மைக்கோடு நடைவழியில் ஓடி வந்துகொண்டிருந்தாள். சாய்ந்த வெயில் சாவியக்காவின் முதுகில் அடித்தது. மேடையில் இருந்தவருக்கு வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் நெற்றியில் கை வைத்துக் கண்ணைச் சுருக்கி, வாசல்ல நிக்கறது யாரு என்று கேட்டார். அவளுடைய நிழல் தரையில் இருந்த கால்வட்டக் கீறலைத் தாண்டி, நடைவழி முழுக்க நீண்டு, தூக்கிய கையோடு மேடையின் முதல் படியில் ஏறியிருந்தது.