எட்டாவது விளக்கு

ஓட்டுநர் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஏழு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எட்டாவதை மாட்டத்தான் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்ட அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஏணி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அது தரைத்தள வீடு; பட்டப்பகலிலும் இருட்டு. ஆனால் உள்ளே கால் வைத்ததுமே ஏணிக்குக் கண் கூசியது. வெள்ளைச் சுவர், பளபளக்கும் வெள்ளைத் தரை, மேலே வரிசையாக வெள்ளை எல்இடி. துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"மூணு மாசமா இவளுக்குப் பார்வை மங்கிட்டே வருது, தம்பி. கண்புரை ஆபரேஷனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் தட்டுத் தடுமாறாம நடக்கணுமே!" என்றார் ஓட்டுநர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவர் மனைவி நெற்றியில் கையைக் குடையாகப் பிடித்தபடி சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாதியில் நின்றுபோன தையல். கணவர் டீ போடப் போன நேரம் பார்த்து, "வீட்டுக்குள்ளயே வெயில் அடிக்குதுப்பா. சொன்னா அவர் மனசு நோகும்னு வாயை மூடிட்டிருக்கேன்" என்றார்.

ஏணி புது விளக்கைப் பெட்டியோடு ஓரமாக வைத்தான். ஓட்டுநர் தம்ளர்களோடு வந்ததும் கேட்டான்.

"அண்ணே, எதிர்ல வர்ற லாரிக்காரன் ஹெட்லைட்டை முழுசா போட்டா என்ன செய்வீங்க?"

"வாய்க்கு வந்தபடி திட்டுவேன்."

"அண்ணிக்கு உங்களைத் திட்ட மனசு வரல."

ஓட்டுநர் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தார். தம்ளரில் டீ தளும்பியது. "அப்போ நான்தான் அந்த லாரிக்காரனா?" என்றார் சன்னமாக.

ஏணி ஐந்து விளக்குகளைக் கழற்றினான். மிச்ச இரண்டையும் சுவரைப் பார்க்கத் திருப்பினான். கடைக்குப் போய் இளமஞ்சள் பல்பு வாங்கி வந்து, சோபாவுக்குப் பின்னால் மூடி போட்ட விளக்கு ஒன்றைத் தோளுயரத்தில் பொருத்தினான். வெளிச்சம் மடியில் விழுந்தது. குளியலறைக்குப் போகும் வழியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன விளக்கு.

கூடம் சற்று மங்கியது. ஆனால் நாற்காலிக்கு விளிம்பும் கதவுக்கு நிலையும் முளைத்தன. ஓட்டுநர் நம்பிக்கையில்லாமல் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் முகத்தின்மேல் மஞ்சள் வெளிச்சம் சாய்ந்தது.

மனைவி உற்றுப் பார்த்தார்.

"மீசையை எப்ப எடுத்தீங்க?"

"ஆச்சு, ஒரு மாசம்."

"சொல்லவே இல்லயே!"

"நீயா கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கல. பயந்துட்டேன். அன்னைக்கே ஓடிப்போய் ரெண்டு பல்பு வாங்கிட்டு வந்தேன்."

மனைவி அவருடைய வெறும் மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்தார். "மறுபடியும் வளர்த்துடுங்க. பார்க்கச் சகிக்கல."

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. ஏணி அவசரமே இல்லாமல், ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.