லாரேயின் குட்டை மேக்னம்

"மூணே மூணு தோட்டாதான் இருக்கு, லாரே. சுட்டுப் பாக்கறேன்னு வீணாக்காதே."

"அடிபட்ட ஸ்கோப்பை நம்பி ஒரு உயிரைச் சுடமாட்டேன்," என்றாள் என் மனைவி. அட்டையை மரத்தில் அடித்துவிட்டு நூறு கஜம் நடந்து திரும்பினாள்.

காலையில் ஓடையைக் கடக்கும்போது குதிரை வழுக்கி விழுந்திருந்தது. சேணத்து உறையில் இருந்த ரைஃபிளின் மேல் பூட்டிய குறிபார்க்கும் ஸ்கோப் பாறையில் மோதியது. குதிரைக்கு ஒன்றுமில்லை. ஸ்கோப்பின் கண்ணாடியும் உடையவில்லை. குழாயில் மட்டும் ஒரு கீறல்.

"வெறும் கீறல்தானே?" என்றேன்.

"உனக்கு எல்லாமே வெறும்தான்."

வயோமிங்கில் ஆண் மூஸை, அந்தக் குதிரையளவு பெரிய மானை, வேட்டையாடும் அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பிருந்தே லாரே விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம்தான் விழுந்தது. பருவம் மறுநாள் மாலையோடு முடிகிறது.

அவள் படுத்துக்கொண்டு சுட்டாள். அட்டையில் மையத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் துளை விழுந்தது.  ஸ்கோப்பின் திருகாணியைத் திருப்பி இரண்டாவதைச் சுட்டாள். இப்போது நாலு விரல்தான் தள்ளியிருந்தது. மறுபடி திருப்பினாள்.

"போதும். நாலு விரல் ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அந்தக் கடைசியை வையி."

மூன்றாவது நட்டநடு மையத்தில் விழுந்தது.

இப்போது ரைஃபிள் சரியாக இருந்தது. போடத்தான் ஒன்றுமில்லை.

அது ஏழு மில்லிமீட்டர் குட்டை மேக்னம். குட்டையான, தடித்த தோட்டா. துப்பாக்கி சிறியது, எடை குறைவு, ஆனால் வேகமும் அடியும் பெரிய மேக்னத்துக்குக் குறையாது. அது வந்த புதிதில் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். நானும் பேசினேன். லாரே இடதுகைக்காரி. தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் இடப்பக்கம் இருக்கும் ரைஃபிள் எங்கள் பக்கம் அபூர்வம். கிடைத்தது இந்த ஒன்றுதான். வாங்கிவிட்டேன். பிறகு அதே நீளத்தில், முன்னூறு எனப்படும் முப்பது காலிபர் குட்டைதான் கடைகளில் நிலைத்தது. இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கோடையிலேயே தோட்டாவுக்குச் சொல்லிவைத்திருந்தேன். வரும் வரும் என்றார்கள்.

கிப்பின் கடைக்குப் போனோம். வேட்டைப் பருவத்தில் ஊரில் திறந்திருக்கும் ஒரே துப்பாக்கிக் கடை.

"குட்டை மேக்னமா? இருக்கே!" என்று கிப் உற்சாகமாக எழுந்து பெட்டிகளை அடுக்கினான். "இது முன்னூறு. இது இருநூத்தி எழுபது. இதைப் பாரு, இன்னொரு கம்பெனி போட்ட முன்னூறு குட்டை. இதுவும் அதுவும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்கிட்டுப் போறவன்லாம் மறுநாள் வந்து என்னையத் திட்டுவான்."

"ஏழு," என்றாள் லாரே.

கிப் கையை எடுத்தான். "ஏழா? அதை இன்னுமா யாராச்சும் வச்சிருக்கீங்க?"

"இவரு வாங்கிக் குடுத்தாரு."

"வெர்ல், நீயா?" கிப் என்னைப் பார்த்தான். "நீ மட்டும் முப்பது-ஆறு ரைஃபிள் வச்சிருக்கே?"

"என் தாத்தாவோடது அது," என்றேன்.

"அதுக்கான தோட்டா பெட்ரோல் பங்க்ல கூடக் கிடைக்குமே."

"தெரியும், கிப்."

"மளிகைக் கடையில கூட."

"தெரியும்னு சொன்னேன்."

சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி இருந்தால் வீட்டிலேயே மருந்து நிரப்பித் தருகிறவர் ஒருவர் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறார். அவருக்கு கிப் போன் செய்தான். அந்த அளவுக்கான அச்சு தன்னிடம் இல்லை, அதை வைத்திருந்தவரும் ஐடஹோவுக்குக் குடிபோய்விட்டார் என்றார். பழைய பெட்டி கிடக்கிறதா என்று லாரே மூன்று ஊர்களுக்கு அழைத்துப் பார்த்தாள். ஒரு கடைக்காரன் சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

"என்னோடதை எடுத்துக்கோ," என்றேன் வண்டியில்.

"ரெண்டாவது தடவை சுடணும்னா போல்ட்டுக்காக முகத்துக்கு மேல கையைக் கொண்டு போகணும். அதுக்குள்ள அது காட்டுக்குள்ள போயிரும்."

"முதல் அடியிலேயே விழும்."

"நீ எத்தனை மூஸ் சுட்டிருக்கே?"

நான் ஒன்றும் சுட்டதில்லை.

அடுத்த பண்ணையில் ட்வைலா இருக்கிறாள். ஓநாய்நரிகளை விரட்ட அவள் பிக்கப்பில் எப்போதும் ஒரு முப்பது-முப்பது லீவர் துப்பாக்கி கிடக்கும். தோட்டா ஏற்றும் லீவர் அடியில் இருப்பதால் எந்தக் கையானாலும் ஒன்றுதான். ஸ்கோப் கிடையாது. ட்வைலா அதைத் துடைக்காமலே கொடுத்தாள்.

"நூறு கஜத்துக்குள்ள போயிடு, லாரே. அதுக்கு மேல இது வெறும் சத்தம்தான் போடும்."

"மூஸ் ஒண்ணும் மத்த மான் மாதிரி இல்லயே. கிட்டப் போகவிடும்," என்றாள் லாரே.

"விடும். சில சமயம் அதுவே கிட்ட வரும்," என்று ட்வைலா என் பக்கம் பார்த்தாள். "உன் புருஷன் மரம் ஏறுவானா?"

பெட்ரோல் பங்க்கில் ரொட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவில் அதற்கான தோட்டா பெட்டி பெட்டியாக இருந்தது. லாரே எண்பது கஜத்தில் பால் கேன்களை வைத்து இருட்டும்வரை சுட்டாள். எல்லாம் விழுந்தன.

மறுநாள் விடியலிலிருந்து ஓடையோரத்து வில்லோ புதர்களில் தேடினோம். நான் தொலைநோக்கியும் கயிறும் இறைச்சிப் பைகளும் சுமந்தேன். தடங்கள் இருந்தன. சூடான சாணமும் இருந்தது. மதியம் ஒரு பெண் மூஸ் இருபது கஜத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றது. லாரே மெதுவாக மூச்சு விட்டாள். அதற்கு அனுமதி இல்லை.

சூரியன் முகட்டைத் தொட்டபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

பள்ளத்துக்கு அப்பால், திறந்த சரிவில், ஒரு ஆண் மூஸ். தலை இடப்பக்கம். கொம்புகள் இரண்டு சேணங்களைக் கவிழ்த்துவைத்ததுபோல் இருந்தன. முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு நின்றது.

நான் தூரமானியை வைத்தேன். "முன்னூத்தி நாப்பது கஜம்."

அவள் கையிலிருந்த லீவர் துப்பாக்கியைப் பார்த்தாள்.

"காத்து இல்ல. அந்த ஏழு இருந்திருந்தா..." என்றேன்.

"வாயை மூடு, வெர்ல்."

பள்ளத்தில் இறங்கினோம். சரளைக்கல் உருண்டது. ஆல்டர் கிளைகள் பைகளைப் பிடித்து இழுத்தன. அடிவாரத்தில் நாங்கள் தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தபோது மேலே அது நின்ற இடம் தெரியவில்லை. எதிர்க்கரை ஏறித் தலையை நீட்டினால் அது முகட்டில் இருந்தது. இன்னும் தூரத்தில். எங்களுக்காக அல்ல, வேறு ஏதோ நினைவில் போவதுபோல அந்தப்பக்கம் இறங்கியது.

முகடு வரை ஓடினோம். மறுபக்கம் முழுக்கக் கருங்காடு.

லாரே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தாள். சட்டப்படி சுட இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"அந்த மூணையும் சுடாம வச்சிருக்கலாம்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வச்சிருந்தா நான் சுட்டிருப்பேன். நூறுல ஒரு சாண் வலப்பக்கம் போச்சு. இங்க எங்க பட்டிருக்கும்?"

நான் கணக்குப் போட்டேன்.

"சொல்லு."

"வயித்துல."

"ராத்திரி பூரா அது காட்டுல கெடந்து சாகும். நாம தேடிட்டு இருப்போம்."

அவள் காட்டைப் பார்த்தபடியே இருந்தாள். கிளை ஒன்று முறிந்தது. இருவரும் நிமிர்ந்தோம். பிறகு சத்தமில்லை. மரங்களின் இடைவெளிகள் இருளில் மூடிக்கொண்டன. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்; நேரம் முடிந்திருந்தது. லீவரை இழுத்து இழுத்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி என் சட்டைப் பையில் போட்டாள்.

"கயித்தைக் குடு," என்றாள். "நீ துப்பாக்கியைத் தூக்கு. எனக்குத் தோள் வலிக்குது."