பாலத்தடி மீனும் கண்ணாடிக்கடைக்காரரும்

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த ட்ரவுட் மீன்மேல் அப்படி ஒரு எரிச்சல். ஊரில் பாதிப்பேருக்குப் பார்வை சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டவர். கேவலம் ஒரு மீனின் கண்ணை ஏமாற்ற முடியவில்லை. ஆற்றுப் பாலத்தடியில் கிடந்த அந்தக் கிழட்டு மீன் மூன்று வருஷமாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு வாயைக் கொடுத்து வேறு மாட்டிக்கொண்டார். இந்த மீன்பிடிப் பருவம் முடிவதற்குள் அதைப் பிடிக்காவிட்டால் என் தூண்டில் கம்பு உனக்கு என்று மச்சானிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். இரண்டு வருஷம் தன் கையாலேயே சீவி இழைத்த கம்பு அது. இன்றுதான் கடைசி நாள். மச்சான் அதற்கு உறைகூடத் தைத்து வைத்துவிட்டானாம், பாவி.

அவர் செய்யாத வித்தை இல்லை. தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே மீன் நிற்கும், நேர் பின்னால் இருப்பது மட்டும்தான் அதற்குத் தெரியாது என்று, அதன் பின்பக்கமிருந்தே மண்டிபோட்டு நெருங்கினார். தூண்டில் முள்ளில் இறகு கட்டிச் செய்த பொய்ப்பூச்சி கீழேயிருந்து எப்படித் தெரியும் என்று, அதைக் கடையின் கண்ணாடிமேசையில் வைத்து அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். உள்ளே வந்த வாடிக்கையாளர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

எல்லாம் சரி, அவருடைய மூக்குக்கண்ணாடிதான் சதி செய்தது. வெயில் பட்டு அது பளிச்சென்றதுமே மீன் கல்லுக்கடியில் போய்விடும். கூசாத கண்ணாடி, கறுப்பு ஃபிரேம், எதற்கும் அது மசியவில்லை. கழற்றிவிட்டாலோ அவருக்கு ஆறே தெரியாது.

வேறு வழியில்லாமல் மனைவியைக் கூட்டிவந்தார். புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, மீன் பூச்சியைக் கவ்வியதும் அவள் குரல் கொடுக்கவேண்டும்; உடனே அவர் கம்பைச் சுண்டுவார். நன்றாகப் பார்த்துச் சொல்லணும் என்று நாலு தடவை சொன்னார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று அவள் சொன்னாலும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன். கடையிலும் அப்படித்தான், ஒரே வரியை மூன்று தடவை படிக்கவைக்காமல் யாரையும் விடமாட்டார்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குத்துமதிப்பாகப் பூச்சியை வீசினார். வீசினார், வீசினார், தோள்பட்டை விட்டுப்போகும்வரை வீசினார். முழங்கால் வலியில் வேறு உயிர் போனது.

"இப்ப," என்றாள் மனைவி.

சுண்டவேண்டிய கை சட்டைப்பைக்குப் போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவள் சொன்னது நிஜம்தான், மீன் வாயில் பூச்சி இருந்தது. மீன் அதைத் துப்பியதையும், வாலை ஆட்டிக்கொண்டு போனதையும் அவர் வெகு துல்லியமாகப் பார்த்தார்.

மனைவி எழுந்து, உடுப்பில் ஒட்டியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

"இருபது வருஷத்துல ஒரே ஒரு தடவை, நான் சொன்னதைச் சரிபாக்காம செஞ்சிருக்கலாம்," என்றாள்.

திரும்பும்போது கம்பை அவளே தூக்கிக்கொண்டாள். மச்சான் வீட்டுத் தெருமுனை வந்ததும், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பினாள்.