ஞாயிறு கழியட்டும்

டாக்ஸி ஓட்டும் சவரிமுத்துவின் பழைய அம்பாசிடர் நின்று கிளம்பிய இடத்திலெல்லாம் தரையில் ஈரம் படியத் தொடங்கியிருந்தது. முன்பு பெடலை ஒருமுறை மிதித்தால் நின்ற வண்டி, இப்போது இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால்தான் நின்றது. அவன் அதற்கும் பழகிப்போனான். நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே அவன் கால் பெடலைக் குத்த ஆரம்பித்துவிடும்.

சுனாமிக்கு அடுத்த கோடை அது. கடல் புகுந்து சேறாகிக் கிடந்த உப்பளங்களைச் சீர்செய்து, மரக்காணத்தில் மறுபடியும் உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். வானூருக்குத் துணிமணி எடுக்கப் போய்த் திரும்பும்போது, மனைவி மேரிசெல்வியையும் வண்டியில் வைத்துக்கொண்டே சவரிமுத்து முருகையனின் பட்டறையில் நிறுத்தினான்.

முருகையன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"அண்ணே, பின்னாடி பிரேக் பைப்பு உப்புக் காத்துல அரிச்சிப்போய் கெடக்குது. ஆயில் கசியுது. இது பழைய வண்டி. ஒரு எடத்துல பைப்பு புட்டுக்கிச்சின்னா நாலு வீல்லயும் பிரேக் இருக்காது. ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்புடிச்சி நிக்குது. வண்டிய இங்கயே உட்டுட்டுப் போங்க. திண்டிவனத்துல சாமான் வாங்கியாந்து போட்டுத் தர்றேன்."

சவரிமுத்து சாவியை எடுத்துக் கொடுக்கப் போனான். மேரிசெல்வி கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே சொன்னாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமை கழியட்டும்."

அந்த ஞாயிறு அவளுடைய தங்கை ஜான்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பிள்ளை இல்லை என்று ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பேசிய பிறகு, கோயில் கோயிலாக வேண்டிப் பிறந்த குழந்தை. மேரிசெல்விதான் ஞானத்தாய். அவளுக்குப் பிள்ளை இல்லை. பட்டு கவுனும் தொட்டிலும் பாத்திரமுமாக, வானூர் கோயில் வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வெச்சிருக்கிறவன் பொண்டாட்டி தொட்டில தூக்கிக்கினு பஸ்ல போய் எறங்கினா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

"மெதுவாதான் ஓட்டுவேன், முருகையா. திங்கக்கெழம கொண்டாந்து உட்டுடுறேன்" என்றான் சவரிமுத்து.

"நீங்க மெதுவா ஓட்டுவீங்கண்ணே. எதிர்ல வர்றவன் வரணுமே" என்றான் முருகையன். அதற்கு மேல் அவன் தடுக்கவில்லை.

ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அழவேயில்லை. பிரியாணிச் சாப்பாடு முடிந்து, சாயங்கால வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மேரிசெல்வி பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

உப்பளத்துப் பாதை ரோட்டில் வந்து ஏறும் இடத்தில் கலியன் நின்றிருந்தான். உப்பளத்தில் வேலை செய்பவன், சவரிமுத்துவின் சிநேகிதன். வேலை முடிந்து வரும்போது சவரிமுத்துவின் வண்டி கண்ணில் பட்டால், ரோட்டின் நடுவில் வந்து இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்பான். சவரிமுத்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்து, அவன் முட்டிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்துவான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வருஷக்கணக்காக நடக்கிற விளையாட்டு.

அன்றும் கலியன் நடுரோட்டுக்கு வந்து கையை விரித்தான்.

சவரிமுத்து பெடலை மிதித்தான். அது தடையே இல்லாமல் தரைவரை போனது. மறுபடியும் மிதித்தான். காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டேய், போடா! ஓரம் போடா!" என்று கத்தினான். இடதுபக்கம் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. அதைச் சுற்றி ஆட்கள். எதிரில் பாண்டிச்சேரி பஸ் வந்துகொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது கையோடு வந்தது, வண்டி நிற்கவில்லை.

ஹாரன் சத்தத்துக்குத்தான் மேரிசெல்வி கண் விழித்தாள். கலியன் சிரித்துக்கொண்டே நகராமல் நிற்பதைப் பார்த்தாள். கடைசியில் அவன் முகம் மாறியதையும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே கலியனின் உயிர் போய்விட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு வெளியே, கார் ஸ்டாண்டில் மூத்தவரான தட்சணாமூர்த்தி சவரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்பா, நடந்தது நடந்துபோச்சு. அவன் குடிச்சிட்டு நடுரோட்ல வந்து நின்னான்னு சொல்லு. பிரேக் பத்தி வாயே தெறக்காத. போனவன் வந்து சாட்சி சொல்லப் போறானா?"

சவரிமுத்து அப்படியே சொன்னான். மேரிசெல்வி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சு குறைந்தது. ஞாயிறு கழியட்டும் என்று அவள் சொன்னதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. ஒருமுறையாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கருமாதிக்கு இருவரும் போனார்கள். கலியனின் மனைவி பொன்னி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் யாரோ யாரிடமோ, "குடிச்சிட்டு ரோட்ல நின்னா யார் என்னா பண்ண முடியும்?" என்றது உள்ளே வரைக்கும் கேட்டது.

பொன்னி தலை நிமிர்ந்தாள். "அக்கா, அவரு குடிக்கமாட்டாருக்கா. அந்த நாத்தமே ஆவாது அவருக்கு. எல்லாரும் அப்படியே சொல்றாங்க. எனக்குத் தெரியாம குடிச்சிருப்பாராக்கா? நீ வண்டிலதான இருந்த?"

மேரிசெல்வி வாசலில் நின்ற சவரிமுத்துவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிக்கல பொன்னி" என்றாள். "வண்டில பிரேக் இல்ல. முருகையன் வண்டிய உட்டுட்டுப் போகச் சொன்னாரு. இவரு சாவியக் கூட எடுத்தாரு. நான்தான் ஞாயித்துக்கெழமை கழியட்டும்னு சொன்னேன்."

கலியனின் அண்ணன் பஞ்சநாதன்தான் முதலில் எழுந்தான். சவரிமுத்துவின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினான். சவரிமுத்து தடுக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்து, நேராக ஸ்டேஷனுக்கு நடந்தான்.

கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டதால் வழக்கு நீளவில்லை. லைசென்ஸ் போயிற்று. அவன் சிறைக்குப் போனான். கார் ஸ்டாண்டில் யாரும் மேரிசெல்வியிடம் பேசுவதில்லை. "புருஷனக் காட்டிக் குடுத்தவ" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். ஜான்சி மட்டும் ஒருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேரிசெல்வியால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த உப்புப் பருவத்தில் அவள் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனாள். பக்கத்துப் பாத்தியில் பொன்னி இருந்தாள். பல நாள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே உப்பைச் சுமந்தார்கள். ஒருநாள் கூடையை இறக்கி வைத்தபோது பொன்னியே பேசினாள்.

"நீ சொல்லலன்னா எம்புள்ளைங்க அப்பன குடிகாரன்னு நெனச்சே வளந்திருக்கும். அத நான் மறக்கமாட்டேன். ஆனா உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதக்கா. என்னால முடியல."

"சரி பொன்னி" என்றாள் மேரிசெல்வி.

சவரிமுத்து வெளியே வந்த அன்று பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள். இளைத்து, தலை நரைத்து இறங்கினான். அவள் அழுதாள்.

"எல்லாம் என்னாலதான?"

"நீ சொன்ன. வண்டிய உட்டுட்டு வராதது நானு" என்றான். "பெடல் எங்காலுக்கடியிலதான் இருந்திச்சி, மேரி. அது உள்ள போறது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

வீட்டுக்கு ரோட்டைக் கடக்க வேண்டும். வெகுதூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. கடந்துவிடலாம் என்று அவள் கையைப் பிடித்தாள். அவன் நகரவில்லை. பஸ் வந்து, அவர்களைத் தாண்டி, அதன் சத்தம் முழுவதும் அடங்கும்வரை ரோட்டோரத்திலேயே நின்றான்.