கொட்டியது இது

மப்ரூக்கா பெட்ரோல் கேனின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகினாள். இறுகிப்போன மூடி விரல்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்கூடத்தில் பெண்களின் அழுகை இன்னும் தணியவில்லை. கொல்லையில், கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நஜ்வா நின்றாள். தூக்கிப்போனது அவளுடைய அண்ணன் லஸ்ஹரை. எதிரில் கேனோடு நிற்பவள் அவன் மனைவி.

“வழிய விடு.”

“அண்ணி, கேன கீழ வைங்க.”

“உன்னையும் சேத்துக் கொளுத்தவா? விடு நஜ்வா.”

“கொட்டகைக்கு மேல ஈச்ச ஓலை. பத்துச்சுன்னா வீடும் போயிரும்.”

“போகட்டும். வீட்ட வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?”

அடுத்த வீட்டு ஸஅதிய்யா சமையலறைக் கதவு வழியாகத் தலையை நீட்டினாள். “உள்ள ஓதிட்டிருக்காங்க. இங்க என்ன, ரெண்டு பேரும் அல்ஜீரியாக் கள்ளப் பெட்ரோலுக்குக் கடை போட்டிருக்கீங்களா?” என்றவள், மப்ரூக்காவின் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கொட்டகைக்குள் பேரீச்சம்பழக் கூடைகள் மூன்று இருந்தன. கூடைகளில் வரிசையாகச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சுத் துண்டு, ஒரு மஞ்சள் தேள். இரண்டை ஒரே பாட்டிலில் போட்டால் காலையில் ஒன்றுதான் மிஞ்சும், மற்றதைத் தின்றிருக்கும். லஸ்ஹர் பேரீச்ச மரம் ஏறுகிறவன். ஆகஸ்டில் மரத்தில் வேலை இருக்காது. இருட்டியதும் ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு கல்மேட்டுக்குப் போவான். அந்த வெளிச்சம் பட்டால் தேளின் ஓடு பச்சையாக மினுங்கும். இடுக்கியால் வாலைப் பிடித்து பாட்டிலில் போடுவான். பிறகு அவை தூனிஸில் தங்கை நஜ்வா வேலை செய்யும் ஆய்வகத்துக்குப் போகும்.

நேற்று இரவு ஒரு தேள் அவனைக் கொட்டியது. இன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஊர் மருத்துவமனையில் இறந்துபோனான். தகவல் கிடைத்ததும் நஜ்வா முதல் வேனைப் பிடித்து, ஏழு மணி நேரம் உட்கார்ந்தே வந்திருந்தாள். இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தாடை மட்டும் வலித்தது. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“உன்கிட்ட கேட்டாரு,” என்றாள் மப்ரூக்கா. “ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாரு. நான் கட்டில்ல பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை விடாம கேட்டேன்.”

நேற்று இரவு பத்து மணிக்குப் போனில் வந்த அந்தக் குரலை நஜ்வாவும் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருந்தாள்.

“நஜ்வா, உன் ஒட்டகச் சரக்கு ஃப்ரீசர்ல இருக்குல்ல? நம்ம ஊரு வேன்காரன் எவன்கிட்டயாவது குடுத்தனுப்பு. விடியறதுக்குள்ள வந்துரும்.”

“அது எலிக்குச் செஞ்சதுண்ணே.”

“நானும் எலிதான். சந்தேகமா இருந்தா உங்க அண்ணியக் கேளு.”

“விளையாடாத. அது மனுசனுக்குப் போடற அளவுக்குச் சுத்தமில்ல. அங்கேயே படு. டாக்டர் சொல்றத கேளு.”

“டாக்டர் குதிரை மருந்துங்கறாரு. போன தடவ அதுல என் தொண்டையே அடைச்சுப் போச்சு, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அவள் ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலையே அந்தத் தொண்டைக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

நரம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. ஒரு சேதி போகும்போது திறக்கும், போனதும் மூடிக்கொள்ளும். தேள் விஷத்தில் இருக்கும் சின்னப் புரதம் அந்தக் கதவில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்கிறது. பிறகு கதவு மூடாது. நரம்பு ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். இதயம் தறிகெட்டு ஓடும். கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை எடுத்துப் போடுவது பழைய வழி. ஆனால் அந்த எதிர்ப்பொருள் பெரிய உருவம். விஷம் நுழையும் சந்துகளில் அதனால் வேகமாக நுழைய முடியாது. அதோடு, அது குதிரையுடையது என்பதைச் சில உடம்புகள் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதன் மேலேயே பாயும். ஒட்டகத்தின் ரத்தத்தில் வேறொரு வகை எதிர்ப்பொருளும் உண்டு. அதன் நுனியிலுள்ள ஒற்றைத் துண்டே போதும், விஷத்தைப் பிடித்துவிடும். அந்தத் துண்டைச் செய்வதற்கான மரபுக் குறிப்பை மட்டும் எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்தால், ஒரு குடுவை பாக்டீரியா ஒரே நாளில் அதைச் செய்து குவித்துவிடும். துண்டின் கண்ணிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, பிடியை இன்னும் இறுக்குவது நஜ்வாவின் வேலை. ஆப்பின் கூர்முனையில் உறை போட்ட மாதிரி அது போய் உட்காரும்.

எலிகள் பிழைத்தன. ஆனால் குடுவையிலிருந்து துண்டு மட்டும் வருவதில்லை; உடைந்த பாக்டீரியாவின் தோல் துணுக்குகளும் கூடவே வரும். எலி அதைத் தாங்கும். மனிதனுக்கு அதில் துளி போதும், காய்ச்சலும் அதிர்ச்சியும் வந்து, தேள் செய்ய வேண்டியதை மருந்தே செய்துவிடும். இன்னொன்றும் உண்டு. இந்தப் பக்கத்துத் தேளிடம் ஆப்பு இரண்டு வகை. நஜ்வாவிடம் இருந்தது ஒன்றுக்கான உறை மட்டும்.

அவள் இதையெல்லாம் மப்ரூக்காவிடம் சொன்னாள். கொட்டகை வாசலில் நின்றபடி, மாணவர்களுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

“பாதி மருந்து அண்ணி அது. பாதிதான்.”

“பாதி உசிராவது வந்திருக்கும்ல?”

நஜ்வாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆய்வகத் தலைவர் ஸுஹைர். எடுத்தாள். அவர் அழகான அரபியில் நீளமாக ஆறுதல் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாது நஜ்வா. அந்தக் கூடைங்க... பத்திரமா இருக்குல்ல? வெள்ளிக்கிழமை ஒட்டகத்துக்கு அடுத்த விஷ ஊசி. தேதி தப்புச்சுன்னா நாலு மாச வேலை வீணாயிரும். ரெண்டாவது ஆப்பு அந்த ஊருத் தேள்லதான் நெறைய இருக்குன்னு நீதான சொன்ன?”

“பத்திரமா இருக்கு சார். அண்ணன்தான் இல்ல.”

“அல்லாஹ் பொறுமையக் குடுக்கட்டும். நான் அந்த அர்த்தத்துல...”

“ஒட்டகத்துக்கு என் சலாத்தச் சொல்லுங்க. அது கவலைப்படாம தூங்கட்டும்.”

போனை அணைத்தாள். மப்ரூக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் வாடை இருவருக்கும் நடுவில் நின்றது.

“எது?” என்றாள் மப்ரூக்கா.

“என்ன எது?”

“எந்தச் சனியன் அவரக் கொட்டுச்சு? அத மட்டும் காட்டு. அதையாவது கொளுத்தறேன்.”

நஜ்வா வழியிலிருந்து விலகினாள். வேண்டுமென்று விலகவில்லை. அது எது என்று பார்க்கும் வெறி அவளுக்கும் வந்திருந்தது. கடைசிக் கூடையை இழுத்து, வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தாள். பாட்டில் ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. தேதி, இடம், நேரம். லஸ்ஹரின் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல உருண்டையாக இருக்கும். நேற்றைய தேதி போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏழு ஐம்பது. எட்டு. பிறகு எட்டுப் பத்து. அதில் எழுத்து கோணியிருந்தது. நேரத்துக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக: கொட்டியது இது. கணுக்கால்.

மப்ரூக்கா பாட்டிலைப் பிடுங்கினாள். அதற்குள் நஜ்வாவின் கண் கூடைக்குப் போயிருந்தது. வரிசை அங்கே முடியவில்லை. எட்டு இருபத்தைந்து. எட்டு நாற்பது. எட்டு ஐம்பத்தைந்து.

“அதுல என்ன பாக்கற?” என்றபடி மப்ரூக்கா குனிந்தாள். அவளும் படித்தாள். உதடு அசைய இரண்டாவது முறையும் படித்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து எதையோ தேடினாள்.

“ஒம்போது இருவதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாரு. ‘இப்பத்தான் கொட்டுச்சு, பயப்படாத’ன்னாரு. இப்பத்தான்னு சொன்னாரு நஜ்வா.”

“இதுக்கு முன்னாடி எட்டு தடவ கொட்டியிருக்கு. இனி ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சுட்டான் முட்டாள்.” நஜ்வாவின் குரல் உயர்ந்தது. “கால் மரத்துப்போயி, வேர்த்து ஊத்திட்டிருக்கும். அதோட போய் இன்னும் மூணு புடிச்சிருக்கான். கழுத. மண்டையில ஒண்ணும் இல்லாத கழுத.”

முன்கூடத்தில் ஓதுவது ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

“இந்த நேரம் போடறதெல்லாம் அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” மப்ரூக்கா கேட்டாள். “மரம் ஏறற மனுசன். கடியாரமே கட்டாதவரு.”

“நான்தான்.”

“எதுக்கு?”

“லேபிள் இல்லாத தேள் எங்களுக்குக் குப்பை. எது கொட்டுச்சோ அத விட்றாதண்ணே, புடிச்சு, மொதல்ல எழுதி ஒட்டு, மத்ததெல்லாம் அப்பறம்னு...”

மப்ரூக்கா அவளை அடிப்பாள் என்று நஜ்வா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மப்ரூக்கா கேனைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கொஞ்சம் பெட்ரோல் சிந்தி, மண் அதை உடனே குடித்தது.

“எடுத்துட்டுப் போ.”

“அண்ணி...”

“எல்லாத்தையும் எடு. பொழுது சாயறதுக்குள்ள என் வீட்டுல ஒண்ணு இருக்கக் கூடாது. உன் சாரு சந்தோசப்படட்டும். மருந்து வந்துச்சுன்னா பேப்பர்ல போடு. என் வீட்டு வாசலுக்கு மட்டும் எடுத்துட்டு வராத.”

“சரி அண்ணி.”

“என்னை அண்ணின்னு கூப்பிடாத.”

கொல்லைச் சந்தில் சித்தப்பா மகனின் பிக்கப் நின்றது. நஜ்வா முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். தகரம் கொதித்தது. பாட்டில்கள் வெந்துவிடும் என்று, தன் தலைத்துணியை அவிழ்த்துக் குழாயில் நனைத்து மேலே போட்டாள். இரண்டாவது கூடையும் போனது. மூன்றாவதில் எட்டுப் பத்து பாட்டிலின் இடம் காலியாக இருந்தது.

இருப்பதிலேயே அவளுக்கு மிக வேண்டியது அந்தத் தேள்தான். ஒரு மனிதனைக் கொன்ற விஷம், எந்தத் தேளுடையது என்று நிச்சயமாகத் தெரிந்து, இடமும் நேரமும் எழுதப்பட்டு அந்த ஆய்வகத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அது தன் மனத்தில் ஓடியதற்காக அவள் வாயின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் கரித்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு சமையலறை ஜன்னலைக் கடந்தபோது நின்றாள். சாவு விழுந்த மையத்து வீடு என்பதால் அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த குஸ்குஸ் சட்டிகள் மூடியபடியே இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, மேசையின் நடுவில் அந்த பாட்டிலை வைத்து, மப்ரூக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கம் செருப்புச் சத்தம். அடக்கம் செய்யப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அவள் எழவில்லை.

நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே வால் சட்டென்று வளைந்து, விரல் இருந்த இடத்தில் அடித்தது. இன்னொரு தட்டு. மறுபடி அடித்தது.

கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சொட்டு விஷம், தண்ணீர் மாதிரி தெளிவாக, மெதுவாகக் கீழே இறங்கியது. அது பஞ்சைத் தொடும்வரை பார்த்திருந்துவிட்டு, மப்ரூக்கா மறுபடி தட்டினாள்.