அணைக்க மறந்த மைக்

கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. ஒலிநாடாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் லேலண்ட் திரும்பிப் பார்த்தார். டைரக்டர் ட்வைட் மூச்சு வாங்க நின்றார். ஐந்து வாரத்துத் தாடி.

"சவுண்ட், மூணு மணிக்கு இன்சூரன்ஸ்காரன் வர்றான். படத்தை இழுத்து மூடுன்னு சொல்லப் போறான். ரொவீனா குரல்ல ஏதாவது வெச்சிருக்கியா?" வேலையின் பேரைச் சொல்லி 'சவுண்ட்' என்றுதான் லேலண்டை அவர் எப்போதும் கூப்பிடுவார்.

ஒருவர் மனசில் உணர்வதை நாடாவில் பிடித்து, இன்னொருவர் தலையில் மாட்டும் கருவியைப் பற்றிய படம் அது. கதாநாயகி ரொவீனா மலைச்சாலையில் கார் கவிழ்ந்து இறந்தபோது ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. அந்தப் பெண் விஞ்ஞானி தன் தனிமையைத் தானே பதிவு செய்யும் காட்சி. காலி நாற்காலியைக் காட்டிச் சமாளித்துவிடலாம். குரலுக்கு எங்கே போவது?

"இல்ல ட்வைட்."

"பொய் சொல்லாத. அன்னிக்கு அவ கழுத்து மைக்கை அணைக்காமப் போயிட்டா, நீ ஹெட்போனும் தலையுமா உட்கார்ந்திருந்தே, சாப்பிடக்கூட வரலன்னு உன் ஆளுங்களே சொன்னாங்க. உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்க தனியா ஒரு மெஷின் கண்டுபிடிக்கணும்யா."

ஒவ்வொரு அரங்கிலும் வேலை முடிந்ததும் எல்லாரையும் அரை நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி, வசனங்களின் இடைவெளிகளைப் பின்னால் நிரப்புவதற்காக அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்வது லேலண்டின் வழக்கம். அன்று மௌனம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓட, அவர் கருவியை நிறுத்த மறந்தார். வெளியே நின்ற தன் ஓய்வு வண்டிக்குள் ரொவீனா தனியாகப் பேசத் தொடங்கினாள். முதல் வார்த்தையிலேயே ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. குடும்பங்கள் கூடி வான்கோழி சமைத்துச் சாப்பிடும் நன்றி நாள் விருந்துக்கு ஒருவரை எப்படி அழைப்பது என்று அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே அறிந்த நடிகை, தன் வீட்டு மேஜைக்கு ஒரு ஆளைக் கூப்பிடத் தயங்கித் தயங்கி மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, தன்னையே கேலி செய்து சிரித்தாள்.

விருந்துக்கு நான்கு நாள் முன்பு அவள் போய்விட்டாள். விருந்து நாளன்று லேலண்ட் தன் ஒற்றை அறையில் டப்பா வான்கோழியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு அந்த நாடாவைப் போட்டுக் கேட்டார். அதன்பின் தினமும் கேட்டார். அவர் குடியிருப்புக்குள் ஒலிக்கும் ஒரே மனிதக் குரல் அதுதான்.

"அது நடிப்பு இல்ல, ட்வைட். கேமராவுக்காகப் பேசினதில்ல."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்." டைரக்டரின் குரல் தணிந்தது. "படம் நின்னா அவ ஒன்பது வாரம் உழைச்சது கிடங்குல கிடந்து மக்கிப் போகும். ஒரு ஆள் பார்க்கமாட்டான். உனக்கு அது சம்மதமா?"

லேலண்ட் கோட்டுப் பையிலிருந்து நாடாவை எடுத்துக் கருவியில் மாட்டினார். ஹெட்போனை ட்வைட்டிடம் நீட்டினார்.

சுருள் சுழன்றது. சத்தம் வெளியே வராவிட்டாலும், எந்த இடத்தில் அவள் தடுமாறுகிறாள், எங்கே சிரிக்கிறாள் என்று லேலண்டுக்கு மனப்பாடம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ட்வைட் ஹெட்போனைக் கழற்றியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இதுதான்யா. அப்படியே போடறோம். கடைசியில வர்ற பேரை மட்டும் வெட்டிடு." கதவு வரை போனவர் நின்று நெற்றியைச் சுருக்கினார். "ஆமா சவுண்ட், யாரு அந்த லேலண்ட்? நம்ம யூனிட் ஆளா?"