இரண்டு பக்கமும் அடித்த எக்ஸ்

விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கி அன்றோடு ஒன்பது நாள். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கௌசல்யாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர்தான் பெத்த பெயர். வருடா வருடம் லிஸ்டில் பெயர் வந்தால்தான் வேலை. அடுத்த வாரம் லிஸ்ட் வருகிறது. பரிந்துரை செய்ய வேண்டியவர் முகாம் தலைவர் விஸ்வநாதன் சார்.

மதியம் இருபத்தொன்பதாவது தாளில் சனியன் வந்து உட்கார்ந்தது.

கேள்வி பழகினதுதான். x³ + y³ − 3xy-க்கு நிலைப்புள்ளிகள் எவை? எக்ஸுக்கு ஒருமுறை, ஒய்யுக்கு ஒருமுறை பகுதி வகையிட்டுப் பூஜ்யமாக்கினால் y = x², x = y². ஒன்றை இன்னொன்றில் போட்டால் x⁴ = x. இரண்டு பக்கமும் எக்ஸை அடித்தால் x = 1, புள்ளி (1, 1). விடைக்குறிப்பு அதோடு முடிந்தது.

இந்தத் தாளில் (0, 0)வும் இருந்தது. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, சேணப்புள்ளி என்று விளக்கம் வேறு. சிவப்புப் பேனாவால் தப்பென்று சுழிக்கப்போன கை அப்படியே நின்றது.

அடிப்பாவி! எக்ஸ் பூஜ்யமாக இருந்தால் அதை எப்படி அடிப்பது? வகுப்பில் இதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவளே அவள்தான். விடைக்குறிப்பு எழுதியவளும் அவள்தான், முகாமின் முதல் நாள் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

பக்கத்து மேஜை ஷர்லியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"பேசாம இருங்க கௌசி. லிஸ்ட் வரப்போற நேரத்துல ஒங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

நியாயம்தான். ஆனால் முந்தின நாள் இதே (0, 0)வை ஒரு தாளில் சுழித்தது ஞாபகம் வந்தது. அது நாற்பத்தேழில் நின்றுபோன தாள். ஐம்பது வந்தால்தான் பாஸ்.

எழுந்து போய்ச் சொன்னாள். விஸ்வநாதன் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முடிச்ச பேப்பர் கட்டையெல்லாம் திரும்பப் பிரிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். தப்பு என்னோடதுதான். நானே பிரிக்கிறேன்."

ஆறு மணி பஸ் போய்விட்டது. சார் லிஸ்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்க அவளுக்குத் தெம்பும் இல்லை. கடைசிக் கட்டில் அந்த நாற்பத்தேழு கிடைத்தது. நான்கு மதிப்பெண் கூட்டி ஐம்பத்தொன்று ஆக்கினாள்.

சுழித்த (0, 0)வுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. அவள் கையெழுத்தேதான்: 'கவனக்குறைவு.'

அதை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.